பூட்டிக்கொள்ளாத பிரேக்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பின் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யாமல் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, போன மழைக்காலம் முடிந்த கையோடு, என் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பித்தளைக் குப்பியைப் பொருத்தியது. இந்த வாக்குமூலத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. எழுதுகிற கான்ஸ்டபிள் தம்பி இதையும் எழுதிக்கொள்ளட்டும். மற்றபடி நான் துணி துவைப்பதில் ஆர்வமுள்ள ஒரு சாதாரண மனிதன்.

ஐயா, நான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். தரை ஈரமாக இருந்தால் 'வழுக்கும், கவனம்' என்று மஞ்சள் பலகை வைப்பது என் பொறுப்பு. நான் சேர்ந்த பிறகு அங்கே ஈரத்தில் வழுக்கி விழுந்தவர் ஒருவரும் இல்லை. பலகையில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. அது வேறு கணக்கு.

கல்யாணமானதிலிருந்து என் வண்டியின் பின்சீட்டில் என் மனைவிதான் உட்கார்ந்து வந்தாள். அவளை மருந்துக்கடையில் வேலைக்கு இறக்கிவிட்டு நான் தொழிற்சாலைக்குப் போவேன். வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பேன். வளைவு இல்லாத இடத்தில், வரக்கூடும் என்று குறைப்பேன். ஒருநாள் பழைய பேப்பர் எடுக்கிறவரின் தள்ளுவண்டி எங்களை முந்திக்கொண்டு போனது.

"அவரு நம்மளப் பாத்து பாவப்பட்டுட்டுப் போறாருங்க," என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் அவளுடைய தம்பி வந்து எங்கள் வாசலில் ஹாரன் அடித்தான். ஏசி ரிப்பேர் செய்பவன். அடுத்த தெருவில் இருக்கிறான். முதுகில் நெருப்புப் பற்றியவன் மாதிரி வண்டி ஓட்டுவான். அவள் ஏறி உட்கார்ந்தாள். போய்விட்டாள். அன்றைக்குக் காலியான என் பின்சீட்டில் அதற்குப் பிறகு தூசிதான் உட்கார்ந்தது. நான் அதைத் தினமும் துடைத்து வைத்தேன்.

நான் ஏன் மெதுவாகப் போகிறேன்? பிரேக்கை நம்ப முடியாததால். சட்டென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட சக்கரம் உருளாமல் வழுக்கும். புது வண்டிகளில் அதைத் தடுக்கக் கம்பெனியே ஏபிஎஸ் வைத்து அனுப்புகிறது. என் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடும் மெக்கானிக்கிடம்தான் அந்தக் குப்பியைப் பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் வில்லையும். அவை பிரேக்கின் அழுத்தத்தை வாங்கி வாங்கி விடுமாம்.

"சார், இது ஏபிஎஸ் இல்ல. ஏபிஎஸ் மாதிரி," என்றான் ஸ்பேனர். "நாளைக்கு வந்து என் சட்டையப் பிடிக்கக் கூடாது."

"மாட்டினவங்க என்ன சொல்றாங்க?"

"மாட்டினவங்க யாரும் திரும்பி வரல சார்."

நான் அதை நற்சான்றாக எடுத்துக்கொண்டேன்.

மாட்டிய அன்று சாயங்காலம் மனைவியையும் மச்சினனையும் வாசலில் நிற்க வைத்து, தெருக்கோடியிலிருந்து வேகமாக வந்து பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது.

"சரி," என்றான் மச்சினன்.

"என்னடா சரி? நின்னுச்சு பாத்தியா?"

"பிரேக் பிடிச்சா நிக்காம பின்ன நடனமா ஆடும்? என் வண்டியும் இப்படித்தான் மாமா நிக்குது. ஓசியில."

மனைவி சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இரவெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். சாப்பிடும்போதே புரிந்துவிட்டது. குடையின் அருமை மழையில்தான் தெரியும். தெரு காய்ந்து கிடக்கும்போது எந்தச் சக்கரமும் பூட்டிக்கொள்ளாது. என் குப்பியில் குறையில்லை. குறை தெருவில் இருந்தது.

ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வீட்டில் துணி துவைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். வாஷிங் மெஷின் வாசல் பக்கத்து அறையில் இருக்கிறது. எங்கள் வீடு தெரு வளைவில் இருக்கிறது. மனைவி பூரித்துப் போனாள். அக்கம்பக்கத்தில் சொன்னாள். அக்கம்பக்கத்து ஆண்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்களுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்? இந்த வயசுல என்னைத் துவைக்க வெச்சுட்டீங்களே," என்றார்.

முதலில் விழுந்தது அவர்தான். வளைவில் ஸ்கூட்டரைத் திருப்பினார், பிரேக்கைத் தொட்டார், நாற்காலியில் அமர்பவர் மாதிரி மெதுவாகத் தரையில் அமர்ந்தார். கண்ணியமாகத்தான் விழுந்தார். முதலுதவிப் பெட்டியோடு முதல் ஆளாக ஓடியவன் நான். முழங்காலுக்கு மருந்து போட்டபடியே பூட்டிக்கொள்ளும் சக்கரங்களைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர் வலியில் தலையை ஆட்டியதை ஒப்புதல் என்று கொண்டேன்.

அடுத்து பால்காரர். இரண்டு கேன் பாலும் போயிற்று. நான் சொன்ன மறுநாளே ஸ்பேனரிடம் போய்க் குப்பி மாட்டிக்கொண்டார். அதற்கு மறுநாள் அதே இடத்தில் விழுந்தார்.

"நீங்க சொன்னத மாட்டிட்டுத்தான் சார் விழுந்தேன்," என்றார் படுத்தபடியே.

"டயர் தேஞ்சிருக்கும்," என்றேன்.

"டயர் புதுசு சார்."

"புது டயர்தான் வழுக்கும்," என்றேன். பாதுகாப்புத் துறையில் இருப்பவன் எந்தக் கேள்விக்கும் பதிலில்லாமல் நிற்கக் கூடாது.

இந்த இடத்தில் ஐயா குழாயைப் பற்றிக் கேட்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். மெஷினின் கழிவு நீர்க் குழாய் முன்பு சாக்கடையைப் பார்த்து இருந்தது. அதன் வாயை ஒரு முழம் இந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். மிச்சத்தைத் தண்ணீர் தானாகப் பார்த்துக்கொண்டது. மஞ்சள் பலகை வைத்திருக்கலாமே என்பீர்கள். வீட்டில் ஒன்று இருக்கிறது. கையில் எடுத்தும் பார்த்தேன். ஆனால் பலகை வைத்தால் எல்லோரும் மெதுவாக வருவார்கள். மெதுவாக வந்தால் பிரேக்கின் அருமை எப்படித் தெரியும்?

இத்தனையும் யாருக்காகவோ, அவன் மட்டும் விழவில்லை. மச்சினன் தினமும் காலையில் தனியாகத்தான் வருவான். வளைவில் வண்டி ஒரு பக்கம் வழுக்கும். அவன் காலைத் தரையில் தேய்த்து நிமிர்த்திவிடுவான். பிறகு தேய்ந்துபோன செருப்பைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா மாமா, ஏபிஎஸ்," என்பான். அக்காவை ஏற்றிக்கொண்டு மறுபக்கமாகப் பறந்துவிடுவான்.

நான் சோப்பை ஒரு மூடியிலிருந்து மூன்று மூடியாக்கினேன். துணிக்கு வாசனை தரும் திரவத்தையும் சேர்த்தேன், அது இன்னும் வழவழப்பு என்பதால். இதில் வந்த ஒரே சிக்கல், வீட்டில் அழுக்குத் துணி தீர்ந்துபோனது. மனிதர்கள் எவ்வளவு குறைவாக அழுக்குச் செய்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. துவைத்ததையே துவைத்தேன். திரைச்சீலைகள் வெளுத்து ஜன்னல் தெரிய ஆரம்பித்தது. என்னுடைய நீலச் சட்டைகள் எல்லாம் வானத்தின் வெவ்வேறு நேரங்களாயின.

சம்பவத்தன்று மச்சினன் வழக்கம்போல வந்தான், செருப்பைக் காட்டினான், அக்காவை ஏற்றிக்கொண்டு போனான். நான் மெஷினை இன்னொரு முறை ஓடவிட்டேன். அவர்களுக்காக அல்ல, தலைமையாசிரியர் இன்னும் மனம் மாறாததால். தண்ணீர் தெருவுக்கு வந்து நுரைத்துக்கொண்டிருந்தபோது, மனைவி சாப்பாட்டு டப்பாவை அடுக்களையில் மறந்துவிட்டுப் போயிருந்ததைப் பார்த்தேன். அதை எடுக்கத்தான் இருவரும் திரும்பி வந்தார்கள். தெருவைச் சுற்றிக்கொண்டு, வளைவுப் பக்கமாக. பின்சீட்டில் அவள் இருந்தாள்.

நான் ஜன்னலில் நின்றிருந்தேன். கூப்பிட நேரம் இருந்தது. வாயைக்கூடத் திறந்தேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இப்போது விழுந்தால் அவளே அனுபவித்துத் தெரிந்துகொள்வாள். நாளை முதல் என் பின்சீட்டுக்கு வந்துவிடுவாள். இது அவளுடைய பாதுகாப்புக்குத்தான். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மச்சினனுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. மனைவிக்கு முழங்கை சிராய்ப்பு. முதலுதவிப் பெட்டியோடு ஓடினேன். அவள் தெருவில் உட்கார்ந்தபடி நனைந்த தலைப்பை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"இது நம்ம தலகாணி உறை வாசனை," என்றாள்.

"தெரு அழுக்கும்மா. மோந்து பாக்காத."

அவள் எழுந்தாள். நுரை வந்த வழியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். குழாய்க்கு வந்தாள். குழாயிலிருந்து மெஷினுக்கு வந்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே முந்தின நாள் அவளே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த ஏழெட்டுச் சட்டைகள் சுருண்டு கிடந்தன.

"துவைச்ச துணிய எதுக்குங்க துவைக்கிறீங்க?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் ஐயா என்னிடம் பதில் இல்லாமல் போயிற்று.

வெளியே மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாமாவத் திட்டாத. துணியாவது துவைக்கிறாரே," என்று கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் அவனுக்கும் சேர்த்து விளங்கிக்கொண்டு, டப்பாவைக்கூட எடுக்காமல், நேராக உங்களிடம் வந்துவிட்டாள். நடந்தேதான் வந்தாள். யாருடைய பின்சீட்டிலும் ஏறவில்லை. அந்த அளவில் என் பிரசாரம் வெற்றி என்றே சொல்வேன்.

ஆக, நடந்தது இதுதான். தலைமையாசிரியர், பால்காரர் இரண்டு முறை, மச்சினன், மனைவி, எல்லாம் நான் ஊற்றிய தண்ணீரில்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் குப்பியின் மீது எனக்குள்ள நம்பிக்கை குன்றிமணி அளவும் குறையவில்லை. இதையும் தம்பி எழுதிக்கொள்ளட்டும்.

என்ன கேட்டீர்கள்? அந்த ஈரத்தில் நான் எப்போதாவது பிரேக் பிடித்துப் பார்த்தேனா என்றா?

இல்லை ஐயா. அந்த வளைவில் நான் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவேன். அங்கே வழுக்கும்.