அந்த அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

வெள்ளைக்காரர்களுக்குச் சீதாப்பழம் தின்னத் தெரியாது, அய்யா. கொட்டையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பீட்டரும் மார்த்தாவும் அப்படித்தான். ஜெர்மனியிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி. மகாபலிபுரம், செஞ்சி, திருவண்ணாமலை என்று ஒன்பது நாள் என் காரில்தான் சுற்றினார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஓட்டலில் உப்பு கேட்பதுகூட என் வாய் வழியாகத்தான்.

பத்தாம் நாள் மத்தியானம் ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு மலையேறினோம். சாப்பிட்ட களைப்பில் இருவரும் பின்சீட்டில் தூங்கிவிட்டார்கள். ஒரு வளைவில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா வந்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் இடது பக்கம் தட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை. சாலையோரக் கல்லில் வயிறு அடிபட விழுந்தார். பெயர் மங்கம்மாள் என்று பிறகு பேப்பரில் பார்த்தேன்.

வண்டியை நிறுத்தினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்த்தா விழித்து என்னவென்று கேட்டார். யாரோ விழுந்து கிடக்கிறார், உதவத்தான் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "நல்ல மனசு உங்களுக்கு, குமரேசன்" என்று தோளைத் தொட்டார். அதற்கு மேல் உண்மையை எப்படிச் சொல்வது? செங்கம் ரோட்டில் பைக்கில் வந்த ஒருவரை இடித்த கேஸ் ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கிறது. இன்னொன்று என்றால் லைசென்ஸ் போய்விடும். ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. என் பெண்டாட்டி ஷோபனாவுக்கு அப்போது எட்டாம் மாதம். கையிலிருந்த போனைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

மார்த்தா தரையில் உட்கார்ந்து அந்த அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ரத்தம் எதுவும் வெளியே தெரியவில்லை. மங்கம்மாள் மார்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"வயித்துக்குள்ள இன்னாவோ பிச்சிக்கினு போவுது தாயீ. என்னைக் கீழ இட்டுனு போங்க."

வழுக்கி விழுந்துவிட்டாராம், சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடுமாம் என்றேன்.

காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் பீட்டர். அங்கே எப்படி விழுந்தார் என்று கேட்பார்கள். இவர் மகன் வண்டி கொண்டுவரப் போயிருக்கிறான், வேற்று மனிதர் காரில் ஏற மாட்டாராம் என்றேன்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று மங்கம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"நீ இடிச்சன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு. என்னை ஏத்திக்கச் சொல்லு அவங்கள."

"சொல்லிட்டேம்மா. வண்டி வருது."

என்ன சொல்கிறார் என்று மார்த்தா கேட்டார். உங்கள் இருவரையும் வாழ்த்துகிறார் என்றேன். மார்த்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பீட்டர் அதைப் போனில் வீடியோ எடுத்தார். மங்கம்மாள் அந்தப் போனைப் பார்த்துக் கும்பிட்டார். நீ இடிச்சன்னு சொல்ல மாட்டேன், ஏத்திக்கச் சொல்லு என்று திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்.

நூற்றெட்டுக்குப் போன் செய்துவிட்டதாக அவர்களிடம் சொன்னேன். செய்யவில்லை. மார்த்தாவின் கையை அவர் விடவேயில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். வலிக்காமல்தான் பிரித்தேன். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் காலையில் ஆடு ஓட்டி வந்தவர்கள் பிணமாகத்தான் பார்த்தார்களாம்.

ஊருக்குப் போன மார்த்தா, வாழ்த்தின் வார்த்தைகளைத் தெரிந்துகொள்ள ஒரு தமிழ்ப் பெண்ணிடம் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதுதான் உங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் ஒன்று, அய்யா. அடுத்த நாட்டுக்கு வருகிறவர்கள் நாலு வார்த்தையாவது கற்றுக்கொண்டு வர வேண்டாமா? அவர்கள் மட்டும் அதைச் செய்திருந்தால் அந்த அம்மா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.