இராஜபாளையம் புத்தகக்கடையில் கண்ணாடி உடைந்தது குறித்து

எனது பெயர் ஹாஜரா. வயது 41. கணவர் பெயர் மைதீன் பிச்சை. ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருக்கிறேன். அதே ஊரில் உள்ள ஒரு தனியார் வாசகசாலையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன்.

எங்கள் வாசகசாலையில் இருப்பது தடித்த பார்வை நூல்கள், அதாவது ரெபரன்ஸ் புத்தகங்கள்; இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். படிப்பவர்கள், இது பற்றி விவரமான புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். அதற்காக, அப்படிக் கேட்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தேன். முதல் வரியில் இரவல் கிடைக்கும் இடம், அதன் கீழே விற்கும் கடைகள் அகர வரிசையில். ஒவ்வொரு இடத்துக்கும் பஸ் ஏறிப் போய் விசாரித்து எழுதியது. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டை.

இராஜபாளையத்தில் புத்தகக்கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் என்பவர் எங்கள் கமிட்டி மெம்பர். வரிசைப்படி அவர் கடை கடைசியில்தான் வரும். "எம் பேர மேல ஏத்தும்மா, நானும் கமிட்டிதான" என்று பலமுறை கேட்டார். "வர்றவுகளுக்குத்தான் அட்டை அண்ணாச்சி, கடைக்கு இல்ல" என்று மறுத்துவிட்டேன்.

1994 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, செட்டியார்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போக லீவு போட்டிருந்தேன். அன்று காலை மேற்படி நபர் வாசகசாலைக்கு வந்து, தன் கடையில் மட்டும் கிடைக்கும் என்று வாசகம் போட்டுச் செய்த ரப்பர் முத்திரையை எல்லா அட்டையிலும் முதல் வரி மேலேயே குத்தியிருக்கிறார். மறுநாள் வேலைக்கு வந்துதான் பார்த்தேன். கமிட்டித் தலைவரிடம் சொன்னதற்கு, போனது போகட்டும் என்றார். அதன் பிறகு எல்லா அட்டையையும் திரும்ப எழுத ஆரம்பித்தேன்.

நேற்று முன்தினம் கருத்தம்மா என்ற பெண் வாசகசாலைக்கு வந்தார். வத்திராயிருப்பில் தேங்காய்க் களத்தில் கூலி வேலை. பத்தாவது தனித்தேர்வு எழுதி, அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட இருந்தவர். நான் லீவில் இருந்த அந்த வெள்ளிக்கிழமை மாலை வந்து, அறிவியல் புத்தகத்துக்கு அட்டையைப் பார்த்திருக்கிறார். முத்திரையை நம்பி மூன்று தடவை வேலையை விட்டுவிட்டு இராஜபாளையம் போயிருக்கிறார். மூன்று தடவையும் "அடுத்த வாரம் வா" என்று அனுப்பியிருக்கிறார்கள். அக்டோபரில் பரீட்சை முடிந்துவிட்டது. அறிவியலில் பாதிக்கு மேல் எழுதவே இல்லையாம். "எனக்குப் படிப்பு வராதுக்கா, விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, பரீட்சைக்கென்று முன்பு ஒருமுறை என்னிடம் வாங்கியிருந்த பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் போன பிறகு அந்த அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மசிக்கு அடியில் என் கையெழுத்து தெரிந்தது. வத்திராயிருப்பு, ஞானரத்தினம் டீச்சர் வீடு, இரவல் தருவார்கள். கருத்தம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

அதன் பிறகு நேற்றுக் காலை பஸ் ஏறி மேற்படி கடைக்குப் போனேன். அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அதற்கு வைகுண்டராஜ் சிரித்துக்கொண்டே, "தேங்கா உரிக்கிறவ பாஸாயி என்ன கலெக்டராவா போகப்போறா" என்றார். மேஜையில் இருந்த முத்திரையை எடுத்துத் தரையில் போட்டு, பழைய பேப்பர் நிறுக்கும் இரண்டு கிலோ படிக்கல்லால் நசுக்கினேன். பிறகு அதே கல்லால் கண்ணாடி அலமாரியை உடைத்தேன். பத்துப் புத்தகம் கிழிந்ததாக அவர் புகாரில் சொல்வது முழுப் பொய். உடைப்பதற்கு முன்பு அலமாரியில் இருந்த புத்தகங்களை எடுத்து நாற்காலியில் அடுக்கி வைத்தேன். அதை அவரும் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொல்கிறார்கள். கேட்க மாட்டேன். கருத்தம்மாவிடம் அவர் கேட்கட்டும்.

மேலே கண்டதை ஸ்டேஷனில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஆத்திரத்தில் தன்னை மறந்து உடைத்ததாக ஓர் இடத்தில் எழுதியிருந்தார்கள். அது தவறு, தெரிந்தே உடைத்தேன் என்று சொல்லி அந்த வரியை அடிக்கச் செய்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடி உண்மை.

(ஒப்பம்) மை. ஹாஜரா