மூணாவது ரிங்

– காத்துக் குழாயை மாட்டின உடனே புஸ்ஸுங்குதா, இல்ல விசையை அமுக்கினா மட்டுமாண்ணே?

– மாட்டின உடனே.

– போன தடவையும் இதேதான். அதுக்கு முந்தின தடவையும் இதேதான். பழைய ஆணித் துப்பாக்கியைத் தலையில கட்டிட்டா, கடைக்காரி ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்களோ என்னவோ.

– யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல தங்கச்சி.

– சொல்லலைன்னாலும் நான் வித்த பொருளாச்சே. பழசுன்னு சொல்லித்தான் வித்தேன், ஓட்டைன்னு சொல்லி விக்கலை. எண்ணெய் விட்டீங்களா?

– விட்டேன்.

– விட்டிருக்கீங்க, வாசனையே வருது. தச்சு வேலைக்காரங்கள்ல எண்ணெய் விடற ஒரே ஆள் நீங்கதான். சரி, கம்ப்ரசரைப் போடறேன். அந்த சோப்புத் தண்ணி டப்பாவை இப்படித் தள்ளுங்க. விசைப் பக்கம் முதல்ல ஊத்தறேன். பாருங்க, ஒரு குமிழி இல்ல. விசை மேல தப்பில்ல.

– பின்னாடி நுரைக்குது.

– ஆமா, காத்து வெளிய போற ஓட்டையில கொப்பளிக்குது. அப்போ மேல் மூடிக்குக் கீழ இருக்கிற ரப்பர் ரிங்தான். அது காத்தைப் பிடிச்சு வெச்சாத்தான் ஆணி முழுசா இறங்கும். இல்லைன்னா பாதியில நின்னு பல்லைக் காட்டும்.

– திறந்துடு.

– இருங்க. முதல்ல குழாயைக் கழட்டணும், அப்புறம் ஆணியை உருவணும். அவசரப்பட்டா போறது என் விரல்தான். அண்ணே, இது என்ன? போன தடவை நான் சொருகிக் கொடுத்த ஆணிப் பட்டை. அப்படியே இருக்கு. ஒரு ஆணிகூடக் குறையலை.

– ம்.

– அப்போ வேலைக்கு என்ன பண்றீங்க?

– சுத்தியல் இருக்கு.

– சுத்தியல்ல அடிக்கிற மனுஷன் எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி என்கிட்ட வர்றீங்க? சரி, விளக்கைக் கிட்டப் பிடிங்க. நாலாவது போல்ட்டும் வந்துடுச்சு. அடடே.

– தெரியுதா?

– நல்லாவே தெரியுது. தேய்ஞ்ச ரிங் இப்படி இருக்காதுண்ணே. தேய்ஞ்சா தட்டையாகும், வெடிப்பு விடும், விரல்ல ஒட்டும். இது புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. ஒரே இடத்துல நேரா அறுபட்டிருக்கு. கத்தி பட்டிருக்கு இதுல. முந்தின ரெண்டு தடவையும் தானா அத்துப்போச்சுன்னு சரியாப் பார்க்காம மாத்திட்டேன்.

– எலியா இருக்கும்.

– அலன் கீ பிடிக்கத் தெரிஞ்ச எலியா? நாலு போல்ட்டையும் கழட்டி, ரிங்கை அறுத்துட்டு, மறுபடி நாலையும் பூட்டி வெச்சுட்டுப் போச்சாக்கும்.

– வேற ரிங் போட்டுக் கொடு தங்கச்சி.

– போடறேன், இது மூணாவது. ஆனா கெட்ட பேரு என் கடைக்குத்தானே? யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. கூட வேலை செய்யறவனா?

– இல்ல.

– பின்ன யாரு?

– வீட்ல.

– அண்ணியா?

– ம்.

– பையன் விஷயம் கேள்விப்பட்டேன்ணே. ரெண்டு தடவை வந்தீங்க, ரெண்டு தடவையும் கேக்க வாய் வரலை. வீட்டுக்கு வரணும்னு நெனச்சேன், அதுக்கும் கால் வரலை. இதை வித்தவ நான்தானேன்னு இருந்துச்சு.

– நீ என்ன பண்ணுவே. கூரை மேல அவன் கால்ல இதோட குழாய் சுத்திக்கிச்சு. நான் கீழ பலகை அறுத்துக்கிட்டு இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டு, பலகைதான் சரிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன்.

– அண்ணிக்கு இதைப் பார்த்தா வயிறு எரியத்தானே செய்யும். நானா இருந்தா ரிங்கோட விட்டிருக்க மாட்டேன், சம்மட்டியால அடிச்சு நொறுக்கியிருப்பேன். இங்கயே போட்டுட்டுப் போங்கண்ணே. கண்ணுல படாம இருந்தாலாவது அவங்க மனசு ஆறும்.

– வேணாம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்.

– பிடிவாதம். அப்போ ஒண்ணு பண்றேன். போல்ட்டுல பசை விட்டு பூட்டிடறேன். சூடு காட்டினாத்தான் கழட்ட முடியும். அண்ணி என்ன பண்ணினாலும் திறக்காது.

– பசை விடாதே.

– விடலைன்னா மறுபடி அறுப்பாங்களே.

– அறுக்கட்டும்.

– என்னண்ணே பேசறீங்க?

– அவன் போனதுலேர்ந்து சுவரைப் பார்த்துப் படுத்தவ. பேச்சில்ல. தண்ணி குடுத்தா குடிப்பா, குடுக்கலைன்னா கேக்க மாட்டா. ஒரு நாள் வேலை முடிஞ்சு வர்றேன், சமையக்கட்டுத் தரையில உக்காந்திருக்கா. முன்னாடி இது திறந்து கிடக்கு. போல்ட்டெல்லாம் ஒரு தட்டுல வரிசையா இருக்கு. காய் நறுக்கற கத்தியால ரிங்கை அறுத்துக்கிட்டு இருந்தா.

– உங்களைப் பார்த்து என்ன சொன்னாங்க?

– எல்லாத்தையும் இருந்த மாதிரியே பூட்டினா. கை கழுவினா. அவளே தட்டு எடுத்துப் போட்டு சாப்பிட்டா.

– அண்ணே.

– ரெண்டு மூணு நாள் நடமாடினா. துணி மடிச்சா. சாப்பிட்டீங்களான்னு என்னை ஒரு தடவை கேட்டா. அப்புறம் மறுபடி படுத்துட்டா. எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. இதை உன்கிட்ட கொண்டு வந்து சரி பண்ணி, அதே அலமாரியில வெச்சேன். எழுந்து வந்து மறுபடி அறுத்தா, சாப்பிட்டா.

– இப்போ?

– நேத்துலேர்ந்து படுக்கைதான். எனக்கு அழுகைகூட வரல தங்கச்சி. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. உன் கடைக்கு எந்த பஸ்ஸுன்னு தெரியும், அவ்வளவுதான்.

– ரிங் போட்டாச்சுண்ணே. மூடியும் உக்காந்துடுச்சு. போல்ட்டை இறுக்க வேண்டியதுதான் பாக்கி.

– ரொம்ப இறுக்காதே. அவ கையில தெம்பில்ல.