உப்புப் படிகத்தின் மேல் நாக்குத் தடம்

பெயர் சம்சாத் பேகம், வயது 27, தகப்பனார் பாத்திரக்கடை சேக் முகைதீன், இருப்பிடம் ராஜபாளையம், இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. ஸ்ரீவில்லிபுத்தூர் நடுவர் முன் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது:

1989 மார்ச்சில் ஒரு நாள் காலை ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறினேன். காற்றை நீக்கி அடைத்த கண்ணாடிக் குழாயில், நானே வளர்த்துப் பிளந்த மிளகளவு உப்புப் படிகம் ஒன்று என் பையில் இருந்தது. அதன் மேற்பரப்பில் அணுக்கள் எப்படிப் படிப்படியாக அடுக்கியிருக்கின்றன என்பதை எலக்ட்ரான் கற்றையைச் சிதற விட்டும், எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பார்க்க, சென்னையில் ஓராண்டு காத்திருந்து மறுநாளுக்கு முறை வாங்கியிருந்தேன். காற்றின் ஈரம் பட்டாலே அந்தப் பரப்பு கெட்டுவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வருமுன், முன் இருக்கையில் இருந்த நகைக்கடை தனுஷ்கோடி, தன் மனைவியின் வைரத்தோடு ஒன்றைக் காணோம் என்று கூச்சலிட்டார். அதன் பின்னர் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். என் குழாயைப் பார்த்ததும் அவர், "ஏட்டி, தோட்டுல இருந்து கல்லப் பேத்துட்டியா?" என்றார். என்னை ஏட்டி என்று கூப்பிட இவர் எனக்கு என்ன உறவு என்று நீதிமன்றம் கேட்க வேண்டும். நான், "அண்ணாச்சி, அது உப்பு. தொறந்துராதீய, எல்லாம் பாழாப் போயிரும்" என்றேன். "உப்புக்கு எதுக்கு இம்புட்டு பந்தோபஸ்து?" என்றபடி, நான் தடுக்கத் தடுக்க, குழாயை ஜன்னல் கம்பியில் தட்டி உடைத்தார். அதன் பின்னர் படிகத்தை வேட்டியில் துடைத்தார், கட்டைவிரலால் தேய்த்தார், கடைசியில் நக்கினார். "உப்பேதான்ப்பா!" என்று பஸ்ஸுக்கே அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

அதன் பின்னர் தோடு அவர் மனைவியின் முந்தானை முடிச்சிலேயே கிடைத்தது. படிகத்தை என்னிடம் நீட்டி, "இந்தா தாயி, முழுசாத்தான் இருக்கு. நான் என்ன தின்னா போட்டேன்?" என்றார். மன்னிப்பு என்ற சொல் இன்றுவரை அவர் வாயில் வரவில்லை. சென்னையில் என் முறை போய்விட்டது. அடுத்தது எப்போது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

கல் உடையவில்லை, ஆகவே நட்டமில்லை என்று அவர் தரப்பில் வாதிடுகிறார்கள். எனக்கு வேண்டியது கல் அல்ல, உப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். எனக்கு வேண்டியது அதன் மேற்பரப்பு மட்டும். அதைத்தான் அவர் நக்கினார்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நடந்தது நடந்தபடியே இருக்கிறது. படிகத்தைச் சான்றுப் பொருளாக ஒப்படைக்கிறேன். என் கையெழுத்து இதன் கீழே இருக்கிறது. தனுஷ்கோடியின் கையெழுத்து படிகத்தின் மேலேயே இருக்கிறது.

(ஒப்பம்) சம்சாத் பேகம்