கடைசியாகப் படித்த நேரம்

வெள்ளிக்கிழமை பிற்பகலில் எங்கள் ஆய்வகத்தில் யாரும் இருப்பதில்லை. அது எனக்குப் பிடிக்கும். கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ஆளில்லாத கட்டடம்தான் வசதி.

நீங்கள் கேட்கும் வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். தண்ணீர் சோதனை முடிவுகளைப் பார்த்துக் கையெழுத்திடும் லுக்ரெட்சியா, கணவருக்குக் கண் அறுவை சிகிச்சை என்று மதியமே போய்விட்டார். பொயானா ரேச்சே கிராமத்துக் கிணறுகளின் முடிவு காலையிலேயே சர்வரில் வந்து கிடந்தது. என் மகள் இலின்கா அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள், கைக்குழந்தைக்காரி. அதனால் கோப்பைத் திறந்து பார்த்தேன். எனக்கு அந்த உரிமை கிடையாது.

நைட்ரேட் மிக அதிகம். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் பச்சைக்குழந்தை நீலம் பாரித்துவிடும். காய்ச்சினாலும் போகாது. எங்கள் ஆய்வகத்தில் இது தெரியாதவர் இல்லை.

இலின்காவுக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவுக்கு இனிமே பாட்டில் தண்ணியிலயே பால் கலக்கும்மா."

"ஏன்ப்பா, கிணத்துல ஏதாச்சுமா?"

"மழைக்குக் கலங்கியிருக்கும். ஊர் பூரா சொல்லிக்கிட்டு நிக்காத, என் வேலைக்கு ஆகாது."

அவள் சொன்ன பேச்சு கேட்பவள். சுகாதார அலுவலகத்துக்கு நான் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை லுக்ரெட்சியா முறைப்படி சொல்லிவிடுவார் என்று இருந்துவிட்டேன். அன்று மாமலிகா என்னும் மக்காச்சோளக் களியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டேன். தூக்கமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, இலின்காவின் பக்கத்து வீட்டு ஃப்ளோரிகாவின் மகன் இறந்தான். பெயர் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை லுக்ரெட்சியா கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தார்.

"கோர்னெல், நான் ரிசல்ட்டப் பாத்துட்டுக் கம்முனு போயிட்டேன்னு சொல்றாங்க. நான் அந்த ஃபைலைத் தொறக்கவே இல்ல. கடைசியா எப்ப படிச்சாங்கன்னு உங்க மிஷின்லயே இருக்குமே. போலீஸ் பாக்கற வரைக்கும் நான் அதத் தொடவே மாட்டேன்."

"இருக்கும். நீங்க கவலைப்படாதீங்க."

இருந்தது. யூனிக்ஸ் வகைக் கணினியில் ஒவ்வொரு கோப்பும் தான் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அந்தக் கோப்பு வெள்ளி பிற்பகலைக் காட்டியது. அப்போது கட்டடத்தில் இருந்தவன் நான் ஒருவன்.

நேரத்தைக் கையால் மாற்றலாம். ஆனால் மாற்றியதே வேறொரு நேரமாகப் பதிவாகும். தெரிந்தவர் பார்த்தால் மாட்டிக்கொள்வேன். பேக்கப்தான் யோக்கியமான வழி. நகல் எடுக்க அது ஒவ்வொரு கோப்பையும் படித்தாக வேண்டும். படித்தால் அந்த நேரம் மாறிவிடும். அதனால், படித்து முடித்ததும் பழைய நேரத்தையே திரும்ப வைத்துவிடும்படி நான் அமைத்திருந்தேன். ஒழுங்கான நிர்வாகி அப்படித்தான் செய்வான். அன்று அந்த ஒரு அமைப்பை எடுத்துவிட்டு பேக்கப்பை ஓட்டினேன். நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஆய்வகத்தின் அத்தனை கோப்புகளும் திங்கட்கிழமை காலையில் படிக்கப்பட்டவை ஆகிவிட்டன.

"பேக்கப் எல்லாத்தையும் தொட்டிருச்சு. இனி யார் எப்ப படிச்சாங்கன்னு சொல்ல முடியாது" என்று விசாரிக்க வந்த உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. லுக்ரெட்சியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் முடிவு வந்தபோது அவர் ஆய்வகத்தில் இருந்தார். அவருக்குத் தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது. சிறைக்கு அவர் கணவர் கறுப்புக் கண்ணாடியோடு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வந்து போவதாகக் கேள்வி.

சென்ற வாரம் இலின்கா வந்தாள். குழந்தையைக் கூட்டி வரவில்லை.

"அப்பா, தண்ணி அப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"கலங்கல்னுதானே சொன்னீங்க? விஷம்னு சொல்லியிருந்தா வேலியத் தாண்டிப் போய் நானே ஃப்ளோரிகாகிட்ட சொல்லியிருப்பேனே. அந்தப் பையனுக்கு என் கையால பால் கலக்கிக் குடுத்திருக்கேன்ப்பா. கிணத்துத் தண்ணியில."

உட்காராமலே போய்விட்டாள். அதனால்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். ஆம், படித்தவன் நான். பேசாமல் இருந்தவன் நான். லுக்ரெட்சியாவை உள்ளே அனுப்பியவனும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: இத்தனை வருட வேலையில் என் கையால் ஒரு கோப்புகூட அழிந்ததில்லை.