இருநூற்றுப் பன்னிரண்டாம் வாக்கியம்

— கடைசி வார்த்தைய மட்டும் மாத்திக் குடுங்க அம்மணி. வேற ஒண்ணுமே நான் கேக்கல.

— எந்தக் கடைசி வார்த்தைண்ணா? வந்து கால் மணி நேரமா இதையேதான் சொல்றீங்க. மொதல்ல உக்காருங்க. இந்த லேப்ல நாலு ஆராய்ச்சி நடக்குது, நீங்க எதைச் சொல்றீங்கன்னே எனக்குப் புரியல.

— ஆட்டுக்கு இருமலு வந்தாப் போன் போடச் சொல்லி நெம்பரு குடுத்திருக்கறீங்கல்லொ? ஆடு இருமறப்ப போன அதும் மூஞ்சிகிட்டக் காட்டுனா, என்ன சீக்குன்னு கம்ப்யூட்டரு கண்டுபுடிச்சுச் சொல்லுதே. அதுதானுங்க.

— அது என்னோட ஆராய்ச்சிதான். பிஎச்.டி.க்குப் பண்றேன், என் பேர் நாஸியா. ஏன், தப்பா ஏதும் சொல்லிருச்சா?

— சீக்கெல்லாம் செரியாத்தானுங்க சொல்லுச்சு. சொன்னது யாருங்கறதுதான் பேச்சு. மேச்சேரி சென்னம்மா. என்ற ஊட்டுக்காரிங்க.

— யா அல்லா! அப்புசாமி அண்ணனா நீங்க? குரல் குடுக்க அவங்களைக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு வாசல்ல ஒரு தடவை பாத்ததுதான். இந்தத் தாடியில அடையாளமே தெரியல.

— பதினாலு மாசமாச்சுங்களே. மூஞ்சியப் பாத்து யாரு கேக்கறா இப்ப.

— அண்ணா, சும்மா எடுத்துப் போட்டுடல நாங்க. முப்பது பேர் குரலை எடுத்து ஆடு வளர்க்கறவங்ககிட்ட போட்டுக் காட்டினோம். இந்தம்மா சொன்னா நம்பலாம்னு எல்லாரும் கை காட்டினது அவங்களைத்தான். அவங்க கையெழுத்தும் போட்டுக் குடுத்தாங்க. அப்பறம் எங்க சார் உங்க வீட்டுக்கும் வந்து கேட்டாரே?

— வந்தாருங்க. கருமாதி முடிஞ்ச ஊட்டுல ஒரு தாள நீட்டுனாரு, போட்டேன். என்னன்னு படிச்சனுங்களா? செத்தவ மறுக்காப் பேசுவான்னு யாரு கண்டா?

— எப்பக் கேட்டீங்க?

— போன மாசமுங்க. கெடா ஒண்ணு ரெண்டு நாளா இருமிட்டுக் கெடந்துச்சு. பக்கத்துக் காட்டுக்காரரு நெம்பரு குடுத்தாரு. போட்டேன். "சொல்லுங்க சாமி, ஆட்டுக்கு என்னாச்சுங்க?"ன்னா. கையில இருந்த போனு ஆட்டுப் புழுக்கையில உழுந்துருச்சு. மறுக்காப் போட்டேன். மறுக்காவும் அவதான்.

— கெடா எப்படி இருக்கு?

— கெடா நாலே நாளுல நல்லாயிருச்சுங்க. நான்தான் உட முடியாமக் கெடக்கறேன். சீக்கில்லாத ஆட்டையெல்லாம் இரும வெக்கப் பாத்தேன். வெக்கத்த உட்டுச் சொல்றேன், ஒருநா நானே இருமிக் காட்டுனேன்.

— நீங்களா? என்ன சொல்லுச்சு?

— "ஆட்டச் சத்தமில்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போயி, மறுக்கா ஒருக்காக் காட்டுங்க சாமி"ன்னா. சிரிச்சுப்போட்டேன். அப்பறம் பட்டியிலயே உக்காந்து அழுதேன்.

— அண்ணா, தண்ணி குடிங்க.

— இருக்கட்டுமுங்க. அதெல்லாங்கூடத் தாங்கிக்கலாம். அத்தனையும் பக்குவமாச் சொல்லிப்போட்டு, கடைசியில "நான் போறேனுங்க"ன்னு வெச்சர்றா. ஒவ்வொருக்காவும். பொழைச்சிருந்த நாளுல அவ வாயில அந்த வார்த்தை வந்ததே இல்லீங்க. பத்தடி தள்ளித் தண்ணி சேந்தப் போனாலும் "போயிட்டு வாரேன்"தான். மகளுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுனேன். எங்க இனியா பாதியில எந்திரிச்சுப் போயிக் கதவச் சாத்திக்கிட்டா. "அம்மா எங்கப்பா இப்பிடிச் சொல்லும்?"னு உள்ள இருந்தே கேக்கறா. என்னத்தச் சொல்ல நானு?

— எங்க வீட்லயும் அப்படித்தான்ணா. போறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டா எங்க அத்தா விட மாட்டார். உக்கார வெச்சு, வாரேன்னு சொல்ல வெச்சுத்தான் அனுப்புவார். அப்படி வளந்தவதான் நானும். ஆனா அந்த வாக்கியத்தை எழுதினது நான்.

— நீங்களா எழுதுனது?

— நானூறு வாக்கியம் எழுதினேன். தமிழ்ல இருக்கற ஒவ்வொரு சத்தமும் எத்தனை தடவை வருதுன்னு எண்ணி எண்ணி எழுதினேன். இருநூத்திப் பன்னெண்டாவது, "நான் போறேன்." சத்தத்தைத்தான் பாத்தேன், அர்த்தத்தைப் பாக்கல. அப்பறம் போனை முடிக்க ஒரு வார்த்தை வேணும்னு தேடினப்ப, அதுதான் ரொம்ப உயிரோட வந்திருந்தது. அதையே வெச்சிட்டேன்.

— "போறேன்"னா எழுதியிருந்தீங்க? "போறேனுங்க"ன்னுல்லொ சொல்றா?

— தாள்ல "ங்க" இல்லண்ணா. மத்த அத்தனையும் எழுத்துப் பிசகாமப் படிச்சாங்க, இது ஒண்ணுல மட்டும் அவங்களாச் சேத்துட்டாங்க. என்கிட்டகூட "ங்க" போட்டதில்ல, கண்ணு, சாமின்னுதான் பேசுவாங்க. கேக்க மரியாதையா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன்.

— தாளுல அது இல்லவே இல்லீங்களா?

— அண்ணா? இல்லவே இல்ல, ஏன் கேக்கறீங்க?

— ஒண்ணுமில்லீங்க. மாத்திக் குடுங்க.

— மாத்தறது ஒரு நிமிஷ வேலைதான். அவங்க சொல்லாத வார்த்தையையும் அவங்க குரல்லயே கம்ப்யூட்டர் செஞ்சு குடுக்கும். இதோ, கேளுங்க.

— "போயிட்டு வாரேனுங்க."

— இது அவ இல்லீங்க.

— அவங்க குரலேதான்ணா. துளி மாத்தம் இல்ல.

— கொரலு அவளுதுதான். மூச்சு எங்கீங்க? பேச்செடுக்கறதுக்கு முன்னால சின்னதா ஒரு மூச்சு இழுப்பா. இருவத்திரெண்டு வருசம் கேட்டவனுக்குத் தெரியாதுங்களா? மெசினு செஞ்சது வேண்டாம். அவளே வாயத் தொறந்து சொன்ன "வாரேன்" ஒண்ணு தேடிக் குடுங்க.

— ஒரு நிமிஷம். அன்னிக்கு முழுசா ஓடின பதிவு இருக்கு. வாக்கியத்தை மட்டும் கம்ப்யூட்டரே வெட்டி எடுத்துக் குடுத்துச்சு. நடுவுல பேசின பேச்செல்லாம் மிச்சமா அப்படியே கிடக்கு. அன்னிக்குச் சாயங்காலமே அவங்க தவறிட்ட சேதி வந்திருச்சா, அதுக்கப்பறம் கேக்க எனக்குத் துணிச்சலே வரல.

— அன்னைக்குப் பேசுனது அத்தனையுமா இருக்குது?

— அத்தனையும். ஒரு தடவை அமுக்கி விட்டா நிறுத்தற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க அப்ப உள்ள வரலல்ல?

— நான் வெளிய வண்டிகிட்ட நின்னுட்டிருந்தனுங்க. சந்தைக்கு ஆடு ஏத்தியிருந்துச்சு... அந்தக் கதவச் சித்த சாத்துங்க அம்மணி.

— சாத்திட்டேன். இருநூத்திப் பன்னெண்டு வர்ற இடத்துல இருந்து போடறேன்.

— "நான் போயிட்டு வாரேன் சாமி."

— அவதான்! மூச்சு இழுத்தாளே, கேட்டீங்களா? அவளேதானுங்க!

— "அம்மா, தாள்ல இருக்கறதை மட்டும் படிங்க. நான் போறேன்."

— "அப்பிடிச் சொல்லப்படாது கண்ணு. அதும் வெளிய வந்த எடத்துல."

— "வெறும் சத்தந்தாம்மா அது. எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

— "தொண்டை வறண்டு போச்சு கண்ணு."

— "சரி, தண்ணி எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

— ஏனுங் அம்மணி, நிறுத்திப்போட்டீங்க?

— முடியலண்ணா. வெறும் சத்தம்னு சொல்லி, வேண்டாம்னவங்களைச் சொல்ல வெச்சது நான். இங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகத்தான் ரோட்டைத் தாண்டினாங்க. வந்த லாரி அடிச்சிருச்சு. ஆராய்ச்சி பண்றவ இதையெல்லாம் நம்பக் கூடாதுன்னு எனக்கே சொல்லிப் பாத்துட்டேன். நம்பறேன்ணா. தெனமும் நம்பறேன். என்னை மன்னிச்சிருங்க.

— நீங்களா சொல்ல வெச்சீங்க? ஓட உடுங்க.

— வேண்டியதுதான் கிடைச்சிருச்சே. "போயிட்டு வாரேன் சாமி." அவங்களே சொன்னது, மூச்சோட. நாளைக்கே மாத்திடறேன். இதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுண்ணா. நான் தண்ணிக்குப் போயிட்டேன், திரும்பி வந்தப்ப சொல்லி முடிச்சிருந்தாங்க. மனசு மாறிப் படிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. அப்பறம் மிச்சம் நூத்தி எண்பத்தெட்டையும் பிசகில்லாமப் படிச்சுக் குடுத்துட்டுத்தான் எந்திரிச்சாங்க.

— ஓட உடுங்க அம்மணி. நான் கேக்கோணும்.

— சரி. போடறேன்.

— "ஏ புள்ள, இன்னுமா முடியல?"

— அண்ணா, இது... இது உங்க...

— நிறுத்தாதீங்க.

— "இன்னும் பாதித் தாளு இருக்குதுங்க. சித்த நில்லுங்க, சேந்தே போயிரலாம்."

— "ஆட்ட வெய்யில்ல நிறுத்திப்போட்டு உனக்கு நான் காவலு நிக்கோணுமா? மைக்கு முன்னால உக்காந்ததும் மகாராணின்னு நெனப்பு! நான் கெளம்பறேன். பஸ்ஸப் புடிச்சு வா, இல்லீன்னா எங்கியோ போய்த் தொல. நீ வந்தா என்ன, போனா என்ன!"

— "நான் போறேனுங்க."

— வெளிய வண்டிகிட்ட நின்னேன்னு சொன்னீங்களேண்ணா.

— அப்பிடித்தானுங்க பதினாலு மாசமா எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். பெத்த மககிட்டயுந்தான், ஜன்னல்கிட்ட வந்து பேசுனத மட்டும் மறைச்சுப்போட்டேன். மெசினு கேட்டிருக்குமோன்னு பாக்கத்தான் இன்னைக்கு வந்தேன்.

— இதை அழிச்சிடட்டுமா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

— அழிக்காதீங்க. ஊருக்கெல்லாம் "வாரேன்"னே சொல்லட்டும். இத மட்டும் என்ற போனுல போட்டுக் குடுங்க. நீங்க நிம்மதியா இருங்க அம்மணி, உங்க தாளப் பாத்து அவ படிக்கல. தாளுல "ங்க" இல்லீன்னு நீங்கதான சொன்னீங்க? அந்த "ங்க" எனக்குச் சொன்னதுங்க.