ஆள் வைத்துத் தீர்த்த நேர்த்தி

நயினாதீவில் அம்மன் தேர் முடிந்து குறிகட்டுவான் துறைக்குத் திரும்பும் வள்ளத்தில் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். ஒருவர், சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் லண்டனிலிருந்து வந்த வீட்டுக்காரி. அவருடைய பட்டுச்சேலையில் ஒரு மணல்துகள்கூட ஒட்டவில்லை. மற்றவள், அவருடைய புங்குடுதீவு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தங்கம். அவளுடைய ஈரச்சேலை முழுக்க மணல்.

"என்ர நேர்த்திக்கடனை வடிவாச் செய்தனீதானே?"

"ஓம் அக்கா. தேருக்குப் பின்னால வீதி முழுக்க அடியழிச்சனான். விழுந்து விழுந்து கும்பிட்டு முழங்கால் உரிஞ்சுபோச்சு."

"எனக்கு இடுப்பு ஏலாது. இல்லாட்டி நானே செய்திருப்பன். என்ர மகன்ர பேரைத்தானே சொன்னனீ?"

"ஒவ்வொரு அடிக்கும் சொன்னனான்."

"இடையில உன்ர வீட்டு அலுவல் ஒண்டும் கேக்கேல்லையே? உன்ர வள்ளக்காசும் நான்தானே குடுத்தனான். புண்ணியம் பங்குபட்டுப்போடக் கூடாது."

தங்கம் முழங்கால் மணலை மெல்லத் தட்டினாள்.

"ஒண்டே ஒண்டு கேட்டனான், அக்கா."

வீட்டுக்காரி சட்டென்று திரும்பினார். "என்ன கேட்டனீ?"

"வாற வருசத் தேருக்கு முதல் உங்கட இடுப்பு சுகமாகிட வேணுமெண்டு."